கத்தரிப்பூ நிறத்துக்கு வந்த ஆபத்து

கேட்டுச் செய்கிற உதவிக்கு நன்றி சொல்லலாம். கேட்காமல் செய்கிற உதவியையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக் கொள்ளலாம். கேட்காமல், சொல்லாமல் செய்துவிட்டு, செய்ததற்கு அடையாளமே இல்லாமல் துடைத்தும் விடுகிற உதவியை என்ன செய்வது? இன்றைய காமிராக்களும், படங்களைத் திருத்துவதற்கென்று கம்ப்யூட்டரிலும் கைபேசியிலும் வைத்திருக்கிற செயலிகளும் நமக்குச் செய்து வருவது இந்தக் கடைசி ரகத்து உதவிதான். 'நிறப் பிறழ்ச்சியைத் தானாகவே நீக்குதல்' என்று அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். கேட்பதற்கு மருத்துவம் மாதிரி இருக்கிறது. பல சமயங்களில் அது செய்வதோ பொய்ச்சாட்சி சொல்கிற காரியம்.

நிறப் பிறழ்ச்சி என்றால் என்ன என்று பள்ளிக்கூடத்தில் படித்து மறந்து போனவர்களுக்காக இரண்டொரு வார்த்தை. முப்பட்டகக் கண்ணாடியில் வெயில் விழுந்தால் ஏழு நிறமாகப் பிரிகிறதல்லவா? கண்ணாடி எல்லா நிறத்தையும் ஒரே அளவாக வளைப்பதில்லை. நீலத்தை அதிகமாக வளைக்கிறது. சிவப்பைக் குறைவாக வளைக்கிறது. காமிராவின் லென்ஸும் கண்ணாடிதான். ஆகவே ஒரு பொருளின் சிவப்புப் பிம்பமும் பச்சைப் பிம்பமும் நீலப் பிம்பமும் ஒன்றின்மேல் ஒன்று சரியாக உட்காராமல் மயிரிழை விலகி நிற்கின்றன. அந்த விலகல் பொருளின் விளிம்பில் நிறக் கசிவாகத் தெரிகிறது.

இதைப் பார்க்க வேண்டுமானால் சேர்வராயன் மலைக்குப் போனால் போதும். ஏற்காட்டைச் சேர்ந்த வாழவந்தி போன்ற மலையூர்ப் பக்கங்களில் காப்பிச் செடிக்கு நிழலாக சில்வர் ஓக் மரங்களை வளர்க்கிறார்கள். அந்த மரங்களில் மிளகுக் கொடி ஏறியிருக்கும். பின்னணியில் வெள்ளை வெளேரென்று வானமோ மூடுபனியோ நிற்கும். சாதாரண லென்ஸை வைத்து அந்த மரத்தைப் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். கறுத்த கிளை முடிந்து வெள்ளை வானம் தொடங்குகிற இடத்தில், கிளைக்கு ஜரிகை பிடித்தாற்போல் கத்தரிப்பூ நிறத்தில் ஒரு கோடு ஓடும். மரத்தில் அந்தக் கோடு கிடையாது. அது லென்ஸ் போட்ட கோடு. அதை நீக்கத்தான் வேண்டும். அதில் எனக்கு வழக்கு இல்லை.

என் வழக்கு, நீக்குகிற முறையைப் பற்றியது.

சிவகாசியில் அச்சான பழைய காலண்டர்களைப் பார்த்தவர்களுக்கு இந்த முறைகளின் வித்தியாசம் உடனே விளங்கும். ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனி பிளேட். ஒன்றன்மேல் ஒன்றாக அச்சடிப்பார்கள். சில பிரதிகளில் சிவப்பு பிளேட் கொஞ்சம் நகர்ந்துவிடும். முருகனுடைய உதட்டில் இருக்க வேண்டிய சிவப்பு கன்னத்தில் வந்து நிற்கும். 'ரிஜிஸ்டர் விலகிவிட்டது' என்பார்கள் அச்சகத்தார். தொழில் தெரிந்தவர் என்ன செய்வார்? பிளேட் எத்தனை இழை நகர்ந்திருக்கிறது என்று அளந்து, திருப்பி அதன் இடத்தில் உட்கார வைப்பார். சிவப்பு எங்கும் போய்விடாது. உதட்டுக்குத் திரும்பி வரும். வேறொருவர் இருக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். அவர் பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு, விளிம்பில் சிவப்பு தெரிகிற இடமெல்லாம் சுரண்டிக்கொண்டே போகிறார். கன்னத்துச் சிவப்பும் போகும். உதட்டுச் சிவப்பும் போகும். கையில் இருக்கிற வேலின் சிவப்புக் கல்லும் போகும். பிழை போய்விட்டது என்பது வாஸ்தவம். முருகனுக்கு உதடு இல்லை என்பதும் வாஸ்தவம்.

படத் திருத்தத்தில் இந்த இரண்டு பேரும் இருக்கிறார்கள். நிறப் பிறழ்ச்சியே இரண்டு வகை. ஒன்று பக்கவாட்டுப் பிறழ்ச்சி. சிவப்புப் பிம்பமும் நீலப் பிம்பமும் பச்சைப் பிம்பத்தைவிடச் சற்றுப் பெரிதாகவோ சிறிதாகவோ விழுவதால் வருவது. படத்தின் நடுவில் இராது. ஓரத்துக்குப் போகப் போக அதிகமாகும். சிவப்பையும் நீலத்தையும் பச்சையின் அளவுக்குச் சுருக்கியோ விரித்தோ வைத்தால் சரியாகிவிடும். இது முதல் அச்சகத்தார் செய்கிற வேலை. இன்னொன்று அச்சுப் பிறழ்ச்சி. ஒவ்வொரு நிறமும் ஒவ்வொரு தூரத்தில் குவிவதால் வருவது. இது படம் முழுவதும் வரும்; குவியத்துக்கு முன்னால் இருக்கிற பொருளில் ஊதாவாகவும், பின்னால் இருக்கிற பொருளில் பச்சையாகவும் கசியும். எதை எவ்வளவு நகர்த்தினாலும் இது தீராது. ஆகவே செயலிகள் பிளேடை எடுக்கின்றன. வெளிச்சமும் இருட்டும் சந்திக்கிற இடத்தில் ஊதாவோ பச்சையோ தென்பட்டால் அந்த நிறத்தை உறிஞ்சிச் சாம்பலாக்கிவிடுகின்றன.

அந்த ஊதா லென்ஸில் பிறந்ததா, பூவில் பிறந்ததா என்று யந்திரத்துக்குத் தெரியுமா? தெரியாது. விளிம்பில் நிற்கிற ஊதாவெல்லாம் குற்றவாளி என்பது அதன் சட்டம். கத்தரிச் செடியின் பூவைக் கொடுத்தாலும், அதன் ஓரத்திலிருந்து கத்தரிப்பூ நிறத்தை எடுத்துவிட்டு 'சுத்தமாகிவிட்டது' என்று நீட்டும்.

முதல் வேலையாவது பத்திரமானதா என்றால், அதிலும் 'தானாகவே' என்ற சொல் வந்தவுடன் கோளாறும் வந்துவிடுகிறது. இன்ன லென்ஸ், இன்ன தூரம், இன்ன துவாரம் என்று முன்கூட்டியே அளந்து வைத்த கணக்கைக்கொண்டு நகர்த்தினால் அது அளவை. அந்தக் கணக்கு இல்லாமல், எதிரே இருக்கிற படத்தை மட்டும் பார்த்துவிட்டு, 'சிவப்பு இவ்வளவு விலகியிருக்கிறது போலிருக்கிறது' என்று நகர்த்தினால் அது ஊகம். ஊகத்துக்கு அடிப்படை ஒரு நம்பிக்கை: உண்மையான விளிம்பில் மூன்று நிறமும் ஒரே இடத்தில் முடியும் என்ற நம்பிக்கை. உலகம் அப்படி இருக்கிறதா?

மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் சேலம். சேலத்து வெண்பட்டு பெயர் பெற்றது. ஊதாக் கரை போட்ட ஒரு வெண்பட்டு வேட்டியைக் கறுப்பு மேஜையில் மடித்து வைத்து, இரண்டு கரையும் தெரிய நேராகப் படம் எடுங்கள். வெள்ளையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் இருக்கின்றன. கரை தொடங்குகிற இடத்தில் பச்சை முடிந்துவிடும். சிவப்பும் நீலமும் கரை முழுவதும் ஓடி, மேஜை தொடங்கும்போதுதான் முடியும். வலது பக்கம் அப்படியே. இடது பக்கமும் அப்படியே. யந்திரம் பார்க்கிறது. 'ஓகோ! இரண்டு பக்கத்திலும் சிவப்பும் நீலமும் பச்சையைத் தாண்டி வெளியே போயிருக்கின்றன. லென்ஸின் தப்பு!' என்று தீர்ப்பு எழுதுகிறது. நெசவாளி நாளெல்லாம் உட்கார்ந்து போட்ட கரை, கண்ணாடியின் பிழையாகிவிடுகிறது. பல பொருள்கள் நிறைந்த படமாக இருந்தால் மற்ற விளிம்புகளின் சாட்சி சேர்ந்து கரையைக் காப்பாற்றக்கூடும். ஒரே பொருளை நெருங்கி எடுத்த படத்தில் அந்தப் பாதுகாப்பும் இல்லை. மெல்லிய கரையாக இருந்தால் ஆபத்து இன்னும் அதிகம். ஏனென்றால் லென்ஸின் பிழையும் மெல்லியதுதான்.

இன்னும் இருக்கிறது. பிறழ்ச்சி லென்ஸின் நடுப்புள்ளியிலிருந்து வட்டமாகப் பரவுகிறது. நடு எது என்று தெரிந்தால்தான் கணக்கு நடக்கும். படத்தின் நடுவே லென்ஸின் நடு என்று செயலி எடுத்துக்கொள்கிறது. ஓரத்தை வெட்டிய படத்தில் அது பொய். லேடீஸ் ஸீட்டில் நின்று சேலம் நகரத்தைப் பல துண்டுகளாக எடுத்து ஒட்டிய அகலப் படத்தில், துண்டுக்கு ஒரு நடு இருக்கிறது. ஒட்டிய பிறகு எதை நடு என்பது? கீழே விழுந்து உள்ளே கண்ணாடி சற்றுச் சாய்ந்துபோன லென்ஸில் இடது பக்கம் ஒரு பிழை, வலது பக்கம் வேறு பிழை. இந்தப் படங்களில் எல்லாம் தானியங்கித் திருத்தம், இல்லாத கசிவை உண்டாக்கவும் கூடும். வாட்ஸாப்பில் வந்து சேர்கிற படமோ, எந்த லென்ஸில் எடுத்தது என்ற குறிப்பையே வழியில் தொலைத்துவிட்டு வருகிறது. ஜாதகத்தைத் தொலைத்துவிட்டு வந்தவனுக்கு முகத்தைப் பார்த்தே பலன் சொல்கிற சோதிடன் வேலைதான் பாக்கி.

இதெல்லாம் என்னுடைய கற்பனைப் பயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். செயலி செய்கிறவர்களுக்கே இது தெரியும். உலகமெங்கும் பழக்கத்தில் இருக்கிற லைட்ரூம் செயலியில் முன்பு சிவப்புக்கும் நீலத்துக்கும் தனித்தனி அளவுகோல் இருந்தது; பார்த்துப் பார்த்து நகர்த்த வேண்டும். 2012-இல் வந்த நான்காம் பதிப்பில் அதை எடுத்துவிட்டு ஒரே ஒரு கட்டம் வைத்தார்கள். டிக் அடித்தால் முடிந்தது. அதே வருஷம் ஊதாவையும் பச்சையையும் உறிஞ்சுகிற கருவியைச் சேர்த்தார்கள். அத்தோடு, 'இந்த இடத்தை உறிஞ்சாதே' என்று காப்பாற்றுவதற்கு ஒரு தூரிகையும் வைத்தார்கள்! திருடன் வராத ஊரில் யாராவது பூட்டு விற்பார்களா? ரா தெரபீ, டார்க்டேபிள் என்ற இலவசச் செயலிகளில் தானியங்கித் திருத்தத்துக்குப் பக்கத்திலேயே 'நிறம் மாறுவதைத் தவிர்' என்று இன்னொரு கட்டம் இருக்கிறது. மருந்து சாப்பிட்டதால் வருகிற வியாதிக்கு இன்னொரு மருந்து. ஆனால் இவர்களைக் குறை சொல்வதைவிடப் பாராட்ட வேண்டும். பூட்டையாவது கொடுத்தார்களே! கைபேசியில் அதுவும் இல்லை. காமிராவிலிருந்து படம் வெளியே வருவதற்கு முன்னாலேயே திருத்தம் நடந்து முடிந்துவிடுகிறது. சாதாரணமாக அதற்குக் கட்டமும் இல்லை, தூரிகையும் இல்லை. திருத்துவதற்கு முன்பிருந்த படமும் நம் கைக்கு வருவதில்லை.

'ஒரு விளிம்பு, அதில் ஒரு மயிரிழை நிறம். அதற்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?' என்று கேட்கலாம். ஆர்ப்பாட்டத்துக்குக் காரணம் அதே மலையில் இருக்கிறது.

பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கிற நீலக்குறிஞ்சி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டும் சொந்தமானதல்ல. சேர்வராயன் மலையிலும் உண்டு. இந்தியத் தாவரவியல் அளவாய்வுத் துறையின் ஆர்க்கிட் தோட்டமும் ஏற்காட்டில்தான் இருக்கிறது. செடிகளைப் பதிவு செய்கிறவர்கள் அவற்றை அழுத்தி உலர்த்தித் தாளில் ஒட்டி வைக்கிறார்கள். நூறு வருஷமானாலும் இலையின் வடிவம் இருக்கும், காம்பு இருக்கும், மயிர் இருக்கும். பூவின் நிறம் மட்டும் பெரும்பாலும் இராது, வெளிறிப் பழுப்பாகிவிடும். அதனால்தான் செடியைப் பறித்த இடத்திலேயே 'பூ ஊதா, ஓரம் வெளிர்' என்று சீட்டில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம். உலர்ந்த செடி சொல்ல முடியாத ஒன்றை இன்று புகைப்படம் சொல்ல வேண்டும். உயிரோடு இருந்தபோது அந்தப் பூ என்ன நிறம் என்பதற்கு அதுவே சாட்சி.

வாழவந்தியிலிருந்து பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண் வழியில் ஒரு பூவைக் காண்கிறாள் என்று வைத்துக் கொள்ளுங்கள். தொண்டை வெள்ளை, இதழ் ஓரத்தில் மெல்லிய ஊதா, பின்னால் இருண்ட இலை. வேட்டியின் கதை அப்படியே இங்கேயும் பொருந்துகிறது. கைபேசியில் எடுத்து, பூவின் பெயரைக் கேட்டு, பொதுமக்கள் செடி கொடிகளைப் பதிவு செய்கிற தளத்துக்கு அனுப்புகிறாள். எங்கேயோ உட்கார்ந்திருக்கிற அறிஞர் படத்தைப் பார்க்கிறார். ஓரத்தில் சாம்பல். 'ஊதா விளிம்பு இல்லை; ஆகவே இது அந்த இனம் அல்ல' என்கிறார். அவர் மேல் தப்பு இல்லை. பெண் மேலும் தப்பு இல்லை. 'நான் ஊதாவைப் பார்த்தேனே!' என்று அவள் சொல்வாள். 'படத்தில் இல்லையே, அம்மா' என்று பதில் வரும். மலையில் பிறந்து வளர்ந்த ஒரு பெண்ணின் கண்ணைவிடப் பார்த்தே இராத ஒரு கணக்கின் வார்த்தை அங்கே பெரிதாகிவிடுகிறது. இரண்டு முறை இப்படி நடந்தால் மூன்றாம் முறை அவள் தன் கண்ணையே சந்தேகிப்பாள். இதுதான் நஷ்டம். விளிம்பு மயிரிழைதான், நஷ்டம் மயிரிழை அல்ல.

எதிர்வாதங்கள் எனக்குத் தெரியாமல் இல்லை. 'கண்ணும் லென்ஸ்தானே? அதிலும் நிறப் பிறழ்ச்சி உண்டு. மூளை அதைத் தானாகவே திருத்திக் கொள்ளவில்லையா?' என்பது ஒன்று. திருத்திக் கொள்கிறது, ஆனால் சந்தேகம் வந்தால் நான் இன்னும் இரண்டடி நெருங்கிப் போகிறேன், தலையைச் சாய்க்கிறேன், பூவைக் கையில் எடுத்துத் திருப்புகிறேன். யந்திரத்துக்குச் சந்தேகமே வருவதில்லை. ஒரே ஒரு படத்தைப் பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்கிறது, அப்பீல் கிடையாது.

'வேண்டாதவர்கள் அணைத்து வைக்கட்டுமே' என்பது இன்னொன்று. எங்கே இருக்கிறது என்று தெரிந்தால் அணைக்கலாம். நடக்கிறதென்றே தெரியாததை எப்படி அணைப்பது?

'நூற்றுக்குத் தொண்ணூறு படங்களில் நன்றாகத்தானே இருக்கிறது?' என்பது மூன்றாவது. அந்தத் தொண்ணூறு எவை, பத்து எவை என்று யந்திரம் சொல்லட்டும். வாதத்தை வாபஸ் வாங்கிக் கொள்கிறேன்.

பழைய கண்ணாடிக்காரர்கள் இப்படிச் செய்யவில்லை. நியூட்டனே, லென்ஸில் நிறக் கசிவைத் தீர்க்க வழியில்லை என்று முடிவுகட்டி, 1668-இல் லென்ஸை விட்டுவிட்டு ஆடியை வைத்துத் தொலைநோக்கி செய்தார். அந்தப் பெரிய மனிதரின் முடிவைத் தாண்டி, இரண்டு வகைக் கண்ணாடியைச் சேர்த்தால் ஒன்றின் பிழையை இன்னொன்று ஈடு செய்யும் என்று பின்னால் வந்தவர்கள் கண்டுபிடித்தார்கள். 1758-இல் லண்டனில் ஜான் டாலண்ட் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டு நிறத்தை ஓரிடத்தில் குவித்தார்கள். மிஞ்சி நின்ற சிவப்பும் ஊதாவும் கலந்த கசிவுதான் இன்றும் நம் படங்களில் கத்தரிப்பூ நிறமாக ஓடுகிறது. 1886-இல் எர்ன்ஸ்ட் அப்பேயும் ஸைஸ் தொழிற்சாலையும் மூன்று நிறத்தைக் குவிக்கிற லென்ஸை நுண்ணோக்கிகளில் வெளியிட்டார்கள். இருநூறு வருஷ உழைப்பு. அவர்கள் கண்ணாடியை ஆராய்ந்தார்கள். பிழை கண்ணாடியில் இருந்தது. கண்ணாடி வழியாகத் தெரிந்த பூவின்மேல் யாரும் கை வைக்கவில்லை.

அந்த உழைப்பு செலவு பிடித்தது. இன்று பல கம்பெனிகள் லென்ஸைச் சற்று மலிவாகச் செய்துவிட்டு, மிச்சத்தைக் கணக்கு பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிடுகின்றன. அதையும் நான் ஆட்சேபிக்கவில்லை. நல்ல லென்ஸ் வாங்க வசதி இல்லாதவர்களும் நல்ல படம் எடுக்க வேண்டும். அளந்து வைத்த கணக்கைப் படத்தோடு அனுப்பி, அதன்படி பிளேட்டை நகர்த்தினால் அது நாணயமான வேலை. நான் எதிர்ப்பது அளவை முடிந்து ஊகம் தொடங்குகிற இடத்தை மறைப்பதை.

ஆகவே கேட்பது அதிகம் இல்லை. லென்ஸின் கணக்குத் தெரிந்தால் நகர்த்தட்டும். நகர்த்தியதைப் படத்தின் குறிப்பில் எழுதட்டும். கணக்குத் தெரியாமல் ஊகிப்பதும், நிறத்தை உறிஞ்சுவதும், எடுத்தவர் கேட்டாலொழிய நடக்கக் கூடாது. கேட்டு நடந்தாலும், எந்த எந்த இடத்தில் கை வைத்தது என்று காட்ட வேண்டும். திருத்தாத மூலம் எப்போதும் கிடைக்க வேண்டும். செடியையோ பறவையையோ துணியையோ அடையாளம் காண்பதற்காகப் படம் கேட்கிற நிறுவனங்கள் அழகான படத்தைக் கேட்க வேண்டாம்; திருத்தாத படத்தைக் கேட்கட்டும். ஊதாக் கசிவோடு வந்தாலும் பாதகமில்லை. அது லென்ஸின் கசிவு என்று அறிந்தவர்களுக்குத் தெரியும், நீக்கிக் கொள்ளலாம். நீக்கியதைத் திரும்பக் கொண்டு வருவதற்குத்தான் வழியில்லை.

அதுவரையில் படம் எடுக்கிறவர்களுக்கு ஒரு யோசனை. அருமையான பூவைக் கண்டால் ஒரு படத்தோடு நிறுத்த வேண்டாம். பூவை நடுவில் வைத்து ஒன்று, ஓரத்தில் வைத்து ஒன்று, வானத்தைத் தவிர்த்து இலைப் பின்னணியில் ஒன்று என்று எடுங்கள். பூ படத்தில் இடம் மாறும்போது லென்ஸின் பக்கவாட்டுக் கசிவும் திசை மாறும். பூவின் சொந்த நிறம் மாறாது. பிறகு பழைய செடிச் சேகரிப்பாளர்களைப் போல, பார்த்த நிறத்தை அங்கேயே ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். படமும் சீட்டும் ஒத்துப் போகாவிட்டால், சீட்டைக் கிழித்துப் போட வேண்டாம்.